பெயரில் மட்டும் அரிசி

அந்தக் காலத்தில் நெல்லுக்கும் வாய் இருந்தது, கிழங்குக்கும் வாய் இருந்தது, பெருச்சாளிக்குக் கேட்கவே வேண்டாம். எல்லாம் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தன. அதனால் உலகம் அன்பாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு இருந்ததால் வம்பு இருந்தது, பொறாமை இருந்தது, யார் உசத்தி யார் மட்டம் என்ற சண்டை ஓயாமல் இருந்தது.

மலையடிவாரத்தில் கல்லாத்துப்பட்டி என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே வானம் பார்த்த மேட்டு நிலம். அங்கே மண்ணுக்கடியில் மரவள்ளி குடியிருந்தாள். முரட்டுத் தோல், கோணல் உடம்பு. கீறினால் பால் கசியும், அந்தப் பாலில் ஒரு கசப்பு. மழை வந்தாலும் வராவிட்டாலும் அவள் பாட்டுக்குப் பருத்துக்கொண்டிருப்பாள். யாரிடமும் போய் எதையும் கேட்டு நின்றதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது வாழையிலையின் நடுவில் உட்கார வேண்டும்.

இலையின் நடு இடம் அரிசிகளுக்கு உரியது. நெல்லின் உமி போனால் அரிசி. சாமை, தினை, வரகு இவர்களும் உமி நீங்கியதும் சாமையரிசி, தினையரிசி, வரகரிசி என்று அந்தப் பட்டத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் மேலே நெல் நாச்சியார். ஊர் அவரை அப்படித்தான் அழைத்தது, நானும் அழைத்துவிட்டுப் போகிறேன். கிழங்குகளுக்கு இலையில் இடமே இல்லையா என்றால் உண்டு, ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில். அதுவும் சேனைக்கும் கருணைக்கும்தான். மரவள்ளியை அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் மழை அடியோடு பொய்த்தது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. நாச்சியார் முதல் ஆளாகக் கோயில் நெற்குதிருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். சாமையும் தினையும் விதைக்குக்கூட மிஞ்சவில்லை. மேட்டு நிலத்தை ஒட்டிய குடிசையில் அங்காயி என்ற பெண் தனியாக இருந்தாள். மாட்டுக்குப் புல் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போன புருஷன் போனவன்தான், திரும்பவில்லை. அவளோ முழுகாமல் இருந்தாள்.

பசி தாங்காமல் ஒரு நாள் கடப்பாரையோடு வந்து மண்ணைக் குத்தினாள்.

"உள்ள யாராச்சும் இருந்தா மேல வாங்க. வவுத்துல புள்ளையோட நிக்கறேன்," என்றாள்.

மரவள்ளி வந்தாள். பேரம் பேசவில்லை. வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"என்னைய அப்படியே தின்னுப்போடாத கண்ணு. தோலை உரி. வேக வெச்ச தண்ணியக் கொட்டிப்போட்டுத் தின்னு. எம்பட கசப்பு உனக்கும் ஆகாது, உள்ள இருக்கறதுக்கும் ஆகாது."

அந்தப் பஞ்சம் முழுக்க அங்காயி அவளைத்தான் தின்றாள். மண்ணுக்குள் இருந்த மரவள்ளி குடும்பம், ஒரு குழி மட்டும் மிச்சமாக, ஒவ்வொன்றாக அந்தக் குடிசையின் சட்டிக்கு வந்தது. எந்தக் கிழங்கு வந்தாலும் அதிலிருந்து பேசுவது அவள்தான். அடுப்பில் வேகும்போது இருவரும் ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். அங்காயி அவளை வள்ளி என்றே கூப்பிடத் தொடங்கினாள். வயிற்றுப் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் மரவள்ளிக்குப் பெருமை பொங்கும். அந்தப் பிள்ளையின் கையும் காலும் தன் மாவில் உருண்டு திரண்டவை அல்லவா?

மழை வந்தது. ஊர்ப் பெண்கள் அங்காயியைப் பார்க்க வந்தார்கள்.

"ஊரே ஓணானாட்டம் வத்திக் கெடக்குது, நீ மட்டும் பூசணியாட்டம் இருக்கறியே! என்னத்தத் தின்னே அங்காயி?" என்று ஒருத்தி கேட்டாள்.

அங்காயி சட்டியைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளினாள். மேலே முறத்தைக் கவிழ்த்தாள். "என்னத்தங்க தின்னேன், பானையில கொஞ்சம் சாமையரிசி ஒட்டீட்டு இருந்துச்சுங்க," என்றாள்.

முறத்துக்கு அடியில் மரவள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போனதும், "ஏம்புள்ள என்னைய மூடுனே?" என்றாள்.

அங்காயிக்கு முகம் சுண்டிவிட்டது. "கோவிச்சுக்காத வள்ளி. கெழங்கு தின்னு கெடந்தேன்னா எளப்பமாப் பேசுவாங்க. நீ மட்டும் ஒரு அரிசியா இருந்திருந்தீன்னா, நடு எலையில வெச்சு ஊருக்கே பரிமாறியிருப்பேன்."

மரவள்ளிக்கு அந்த வார்த்தை குத்தியது. குத்திய இடத்திலேயே ஒரு யோசனையும் முளைத்தது. மேட்டு நிலத்தில் மிச்சம் இருந்த அந்த ஒரே குழியில் இருந்தபடி, பக்கத்து வளையில் குடியிருந்த பெருச்சாளியிடம் கேட்டாள். பெருச்சாளிக்குத் தெரியாத வீட்டு விஷயம் அந்த ஊரில் கிடையாது.

"ஏப்பா, அரிசி ஆகறது எப்படி?"

பெருச்சாளி மீசையைத் துடைத்துக்கொண்டது. "அதென்ன பெரிய வித்தையா? ராத்திரி பகலா குதிருக்குள்ளயே கெடக்கறேன், பாக்காததா? தோலு இருக்கக் கூடாது. வெள்ளையா இருக்கணும். சிறுசா இருக்கணும். எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கணும். வாசமும் ருசியும் தனியா இருக்கக் கூடாது, ஊத்தற குழம்பு எதுவோ அந்த ருசியாப் போயிறணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"உனக்கு ஆகாது. உங்கிட்ட இருக்கறதே தோலும் கோணலும் கசப்பும். அதெல்லாம் போனா அப்புறம் நீ எதுக்கு?"

மரவள்ளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆசை வந்தவர்களுக்குப் பாதிப் பேச்சுதான் கேட்கும். அவள் அங்காயியிடம் போய், "என்னைய அரிசியாக்கு," என்றாள்.

அங்காயிக்குப் பிரசவமாகி, ஆண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குச் சோறு போட வீட்டில் ஒரு குத்து நெல் இல்லை. அவளுக்கும் அது சரியென்று பட்டது.

முதலில் தோலை உரித்தாள். பிறகு சொரசொரப்பான கல்லில் வைத்துத் துருவினாள். மரவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டாள். துருவியதைத் துணியில் கட்டிப் பிழிந்தபோது, அத்தனை நாள் உடம்பில் ஓடிய பால் கசப்போடு வழிந்து மண்ணில் போனது. நாரும் சக்கையும் ஒரு பக்கம் போயின. தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் வெள்ளை மாவு தங்கியது. கோணல் இல்லை, வாசம் இல்லை, ருசி இல்லை. அந்த ஈர மாவைத் துணியில் கொட்டி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூளியில் ஆட்டுவது மாதிரி ஆட்டினாள். ஆட ஆட மாவு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மணி மணியாக உருண்டது. சட்டியில் லேசாக வறுத்து வெயிலில் காயவைத்தாள்.

"எப்படி இருக்கறேன்?" என்றாள் மரவள்ளி. குரல் சன்னமாகப் போயிருந்தது.

"அரிசியாட்டமே இருக்கறே," என்றாள் அங்காயி. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அன்றைக்கு அவள் அன்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பெருச்சாளி எட்டிப் பார்த்தது. கீழே வழிந்து கிடந்த பாலை முகர்ந்து, மூக்கைச் சுருக்கியது. "கசப்பையும் கொட்டிப்போட்டியா? அது ஒண்ணுதான உனக்குப் பல்லு மாதிரி இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு வளைக்குள் போய்விட்டது.

பெயர் வைக்கிற நாள் வந்தது. ஊர் வந்து உட்கார்ந்தது. இலை போட்டார்கள். அங்காயி நடு இலையில் மரவள்ளியை வைத்தாள். பெருமாள் கோயில் பூசாரி சடையன் முதல் கவளத்தை வாயில் போட்டு மென்றார். இன்னும் மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்புள்ள, இது என்ன அரிசி? நெல்லும் இல்ல, சாமையும் இல்ல. ஜவ்வு ஜவ்வுன்னு பல்லுல ஒட்டுதே."

"புது அரிசிங் சாமி."

"ஜவ்வரிசின்னு சொல்லு!" என்றார் பூசாரி. பந்தி முழுக்கச் சிரித்தது. சிரித்தாலும் இலையை வழித்துத் தின்றது.

பிள்ளைக்குப் பெயர் வைத்த அதே நாளில் மரவள்ளிக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. பெயரின் முன்பாதி கேலி என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்ன? பின்பாதியில் அரிசி இருந்தது. அந்தப் பின்பாதியை அவள் ஆசை தீர, திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சேதி கோயில் குதிருக்குப் போயிற்று. நெல் நாச்சியார் முகத்தில் அடித்தாற்போல் ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியா? நல்லதுதானே. நம் கூட்டம் பெருகட்டும்," என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். பெரியவர்கள் அப்படிச் சிரித்தால் நாம்தான் பத்திரமாக இருக்க வேண்டும். மரவள்ளிக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவள் தலைகால் புரியாமல் மகிழ்ந்தாள்.

இங்கே ஏகாதசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாள் தவறாமல் உலையில் வெந்து வெந்து உடம்பு நோகிறது என்று நாச்சியார் முன்பே பெருமாளிடம் முறையிட்டு, ஏகாதசிக்கு ஏகாதசி ஓய்வு வாங்கிவிட்டிருந்தார். அன்று அரிசி என்ற பெயருள்ள யாரும் உலையில் விழக் கூடாது. பழம் இருந்தால் தின்னலாம், கிழங்கு இருந்தால் தின்னலாம், இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கலாம். ஜனங்கள் அதற்கு விரதம் என்று பெயர் வைத்துப் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். நாச்சியார் படுத்துத் தூங்குவதற்காக ஊர் பட்டினி கிடந்தது என்று யாரும் சொல்லவில்லை.

பெயர் வைத்த பிறகு வந்த முதல் ஏகாதசி. காலையிலேயே மரவள்ளி பானைக்குள் இருந்தபடி மூடியைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் வர மாட்டேன் அங்காயி. இன்னிக்கு அரிசிங்களுக்கு வெலக்கு."

சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நாச்சியாருக்கு விலக்கு, சாமையரிசிக்கு விலக்கு, தினையரிசிக்கு விலக்கு, தனக்கும் விலக்கு. வேண்டாம் என்று ஒதுக்குகிற கூட்டத்தில்கூட ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசையில் தனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பெருமைப்பட்டாள். வாழ்க்கையில் அவள் நிறைவாக இருந்தது அந்தக் காலைப்பொழுது ஒன்றுதான்.

சூரியன் ஏற ஏற, பிள்ளை அழத் தொடங்கியது. பஞ்சம் அப்போதுதான் கழிந்திருந்தது. வாழை குலை தள்ளவில்லை. புதிதாக நட்ட மரவள்ளிக் குச்சிகளில் இன்னும் கிழங்கு பிடிக்கவில்லை. முந்தின நாளும் அங்காயி அரைவயிறுதான். மார்பில் பால் இல்லை. பிள்ளை வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அங்காயி தண்ணீரைக் குடித்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். பெருமாளைக் கூப்பிட்டாள். அழுகை தேய்ந்து முனகலாகிவிட்டது. வீறிட்டு அழுததைவிட அந்த முனகல்தான் மரவள்ளிக்குத் தாங்கவில்லை.

பானையின் மூடி விலகியது.

"அங்காயி, சட்டிய வெய்யி."

"வேண்டாம் வள்ளி. இன்னிக்கு..."

"இன்னிக்கு என்ன நாளுன்னு எனக்கும் தெரியும். நான் வளத்த புள்ள அது. வெய்யின்னா வெய்யி."

அங்காயி அவளை ஊறவைத்தாள். ஊறியதும் தண்ணீரை வடித்தாள். நிலக்கடலையை வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டாள். சட்டியில் எண்ணெய் விட்டுக் கடுகைப் போட்டு, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையை உருவிப் போட்டாள். அதில் மரவள்ளியைக் கொட்டி, உப்புப் போட்டு, கடலையைத் தூவிக் கிளறினாள். இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். நாலு வாய் தின்றதும் அவளுக்குக் கண் தெளிந்தது. இன்னும் நாலு வாய் தின்றாள். பிள்ளையை எடுத்து மார்பில் வைத்தபோது, கொஞ்ச நேரத்தில் அது முழுங்குகிற சத்தம் கேட்டது.

ஆனால் ஊரே பட்டினி கிடக்கிற பகலில் தாளிப்பு வாசனையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? வாசனை தெருவில் இறங்கி, வீடு வீடாக நுழைந்து, கோயில் குதிர்வரைக்கும் போனது. பசித்த வயிறுகளுக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஊர் குடிசை வாசலில் நின்றது. முன்னால் சடையன் பூசாரி. அவருக்குப் பின்னால் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலைமேல் நெல் நாச்சியாரை உட்காரவைத்துத் தூக்கிவந்தார்கள்.

"ஏம்புள்ள, இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுமில்ல?" என்றார் பூசாரி.

"தெரியுங் சாமி."

"சட்டியில என்ன?"

"ஜவ்வரிசிங்க," என்றாள் அங்காயி.

வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கிழங்கு மாவு என்று சொல்லியிருந்தால் கூட்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பியிருக்கும்.

"அரிசி!" என்றது கூட்டம். "ஏகாதசியும் அதுவுமா அரிசி!"

அந்தப் பெயரை வைத்தவர் பூசாரிதான். அது அவருக்கு நினைவு இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "நாள முறிச்சவளுக்கு ஊரு நெருப்பு கெடையாது, ஊருத் தண்ணி கெடையாது. புள்ளையத் தூக்கீட்டு ஆத்துக்கு அந்தாண்ட போயிரு."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு. ஓநாய் உண்டு, கரடி உண்டு, மனிதர் கிடையாது. அங்காயி பிள்ளையை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நில்லுங்க," என்றது சட்டிக்குள்ளிருந்து ஒரு சன்னக் குரல்.

நாச்சியார் தாம்பாளத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரது? நம்முடைய புது அரிசியா? பூசாரி, அவசரப்படாதே. அவளையே கேட்டுவிடுவோம்." குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரியிடம் பேசுவதுபோல் பேசினார். "மரவள்ளி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ பட்ட பாடெல்லாம் கேள்விப்பட்டேன். ஊர் முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொல். நான் அரிசிதான் என்று சொல். நாளை முதல் கல்யாணமோ காதுகுத்தோ, நடு இலையில் எனக்குப் பக்கத்தில் உனக்கு இடம். பெருமாள்மேல் ஆணை. உன்னை இனி ஒருவரும் கிழங்கு என்று சொல்ல விட மாட்டேன்."

நாச்சியாருக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? ஆம் என்று அவள் சொன்னால், ஓய்வு நாளை முறித்தவளுக்குக் கிடைத்த தண்டனையைப் பார்த்து, இனி எந்தக் காலத்திலும் எவளும் ஏகாதசியன்று அரிசிப் பானையைத் தொட மாட்டாள். இல்லை என்று சொன்னால், ஒரு கிழங்கின் கொட்டம் அத்தோடு அடங்கும். எப்படி விழுந்தாலும் அவருக்கு லாபம்தான்.

மரவள்ளிக்கு எல்லாம் புரிந்தது. நாச்சியாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. பஞ்சத்தில் குதிருக்குள் ஒளிந்துகொண்டு யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு உள்ளே துழாவினாள். கசப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. அதைத்தான் என்றைக்கோ பிழிந்து ஊற்றிவிட்டாளே, கோபம் எங்கிருந்து வரும்?

வாழையிலை அவள் கண்முன் வந்தது. பச்சைப் பசேலென்று நீர் தெளித்த இலை, அதன் நடு இடம். தோலும் உடம்பும் கொடுத்து வாங்கியது அது. பிறகு அவள் அங்காயியின் தோளைப் பார்த்தாள். பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால் ஒழுகியிருந்தது.

"நான் அரிசி இல்லீங்க," என்றாள்.

"சத்தமாகச் சொல், ஊருக்குக் கேட்கட்டும்," என்றார் நாச்சியார்.

"நான் அரிசி இல்லீங்க! நான் கெழங்கு. மண்ணுக்கடியில கெடந்தவ. அரிசிங்கறது எம்பட ஆசைக்கு வெச்ச பேரு. இந்தப் புள்ள நாள முறிக்கல. அவளை விட்டுருங்க."

அந்த வார்த்தை வாயைவிட்டு வந்ததும், சட்டியில் இருந்த மணிகளிலிருந்து வெள்ளை நிறம் வடிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு மணியாகக் கண்ணாடியாகிக்கொண்டே வந்தது. பூசாரி ஒரு மணியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

"அட, ஆமாங்க நாச்சியாரே. உள்ள ஒண்ணுமே இல்ல," என்றார். "ஏம்புள்ள, அப்ப நீ சாப்பிட்டது அரிசி இல்லதான?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அங்காயி கூட்டத்தைத்தான் பார்த்தாள். ஊர் முழுக்க நிற்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு நிற்கிறது. பயந்தவர்கள் தேவைக்கு மேலேயே பேசிவிடுவார்கள்.

"சாப்பிடவே இல்லீங் சாமி!" என்று கும்பிட்டாள். "நான் எங்கீங்க சாப்பிட்டேன்? இதெல்லாம் ஒரு சாப்பாடுங்களா? வாய் வறண்டு போச்சேன்னு சும்மா கொஞ்சம் கொறிச்சேனுங்க. இன்னிக்குக் காலையில இருந்து பச்சத் தண்ணி தவிர நான் ஒண்ணுமே சாப்பிடலீங்க."



பூசாரி கொஞ்சம் யோசித்தார். அவரும் காலையிலிருந்து பட்டினிதான். சட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இது அரிசியும் இல்ல, சாப்பாடும் இல்ல. அப்ப இதத் தின்னா வெரதத்துக்குப் பங்கம் வராது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கையாகச் சட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். அடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டினார்கள். நல்லா இருக்குது, உப்பு சரியா இருக்குது, இன்னொரு மிளகாய் சேர்த்திருக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

நாச்சியார் தாம்பாளத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பெயரை அவளே வைத்துக்கொள்ளட்டும். பாவம், ஆசைப்பட்டுவிட்டாள்," என்றார். "நான் வராத நாளில் அவள் வரட்டும். நான் இருக்கிற இலையில் நடுவுக்கு மட்டும் வர வேண்டாம்."

கூட்டம் கலைந்த பிறகு, பானையில் மிச்சமிருந்த மணிகளுக்கு அருகே அங்காயி வந்து உட்கார்ந்தாள்.

"அரிசி இல்லைன்னு நானே சொல்லீட்டேன்," என்றாள் மரவள்ளி. "அது உனக்குப் பத்தலையா கண்ணு?"

"பயத்துல வாயில வந்துருச்சு வள்ளி. என்னைய என்ன பண்ணச் சொல்றே? நீயும் போகாம நானும் போகாம இங்கயே இருக்கறோமில்ல? அதப் பாரு."

"அந்தப் பஞ்சத்துலயும் நீ ஒண்ணும் சாப்பிடலையா?"

அங்காயி எழுந்தாள். பிள்ளையை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போய்விட்டாள். போகும்போது பானையை மூடிவிட்டுப் போனாள்.

மரவள்ளி அதன் பிறகு பேசவில்லை. மண்ணுக்கடியில் இருக்கிற அவள் குடும்பமும் பேச்சை நிறுத்திக்கொண்டது. அவளைச் சமைக்கிறவர்கள் இன்றைக்கும் பார்க்கலாம். சரியாக வேகாத மணியின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி நிற்கும். அது அவளுடைய ஆசையில் மிச்சம். நன்றாகக் கிளறினால் அதுவும் போய்விடும்.

அன்று முதல்தான் ஏகாதசி வந்தால் வீட்டுக்கு வீடு ஜவ்வரிசி ஊறுகிறது, கடுகு வெடிக்கிறது, கடலை வறுபடுகிறது. தட்டு நிறைய வாங்கித் தின்று, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்று, கையைக் கழுவிக்கொண்டு வருகிறவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "இல்லீங்க, இன்னிக்கு வெரதம், ஒண்ணும் சாப்பிடலை," என்பார்.